பிரெஞ்சு ஒயினில் ஆலோசகரின் பங்கையும் தோட்டத்தின் பங்கையும் பிரித்தறிவது எப்படி

பிரெஞ்சு ஒயின் புட்டியின் முகப்பில் ஊரின் பெயர் இருக்கும், தோட்டத்தின் பெயர் இருக்கும், அறுவடை செய்த ஆண்டும் இருக்கும். அந்த ஒயினின் சுவையை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்திருக்கக்கூடிய ஆலோசகரின் பெயர் மட்டும் அநேகமாக எங்கும் இருக்காது. போர்டோ பகுதியின் பெயர்பெற்ற தோட்டங்களுள் வெளியிலிருந்து வரும் ஒயினியல் வல்லுநரின் யோசனையைக் கேட்காதவை மிகக் குறைவு. ஆலோசகர்கள் நுழைந்ததால் எல்லா ஒயினும் ஒரே சுவைக்கு வந்துவிட்டது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். மண்ணும் வானமும்தான் ஒயினைத் தீர்மானிக்கின்றன, மனிதன் அதில் கெடுக்காமல் இருந்தால் போதும் என்று மற்றொரு சாரார் சொல்கிறார்கள். புட்டியைத் திறந்து சுவைத்துப் பார்க்கும் ஒருவருக்கு இந்த இரண்டு கூற்றுகளாலும் பெரிய பயன் கிடைப்பதில்லை. எந்தச் சுவை எந்த முடிவிலிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கும் வழிமுறையே அவருக்குத் தேவை.

அந்த வழிமுறையின் அடிப்படையாக நான் கொள்வது ஒன்றுதான். ஆலோசகரின் ஆழமான தாக்கம் பீப்பாயிலோ தொட்டியிலோ தொடங்குவதில்லை. எவ்வளவு காய்க்க விடுவது, எந்த இலையைக் கிள்ளுவது, எந்த நாளில் பறிப்பது என்று தோட்டத்தில் எடுக்கப்படும் முடிவுகளில் அது தொடங்குகிறது. ஆகவே முதலில் தோட்டத்தைப் படிக்க வேண்டும்; அதன் பிறகே ஆலோசகரைத் தேட வேண்டும்.

எந்தப் பகுதி என்று முதலில் பாருங்கள்

ஆலோசகருக்கு இருக்கும் செல்வாக்கு பிரான்சு முழுவதும் ஒரே அளவில் இல்லை. போர்டோவில் தோட்டங்கள் பெரியவை. உரிமையாளர் பல வேளைகளில் காப்பீட்டு நிறுவனமாகவோ வங்கியாகவோ வேறு ஊரில் வாழும் செல்வந்தராகவோ இருப்பார். அங்கே கபர்னே சோவினியோன், மெர்லோ, கபர்னே ஃப்ராங்க், பெத்தி வெர்தோ ஆகிய வகைகளைத் தனித்தனியாக நொதிக்க வைத்து, குளிர்காலத்தில் கலப்பு விகிதத்தைத் தீர்மானிக்கிறார்கள். எந்தத் தொட்டி முதன்மை ஒயினுக்குப் போகும், எது இரண்டாம் நிலை ஒயினுக்கு இறங்கும் என்று முடிவுசெய்யும் அந்த மேசையில் ஆலோசகர் அமர்ந்திருப்பார். அவருடைய நாக்கு அங்கே நேரடியாக வேலை செய்கிறது.

பர்கண்டியில் நிலைமை வேறு. அங்கே ஒரு குடும்பத்திடம் சில ஹெக்டேர் நிலம் இருக்கும். அதுவும் பல ஊர்களில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். சிவப்புக்குப் பினோ நுவார், வெள்ளைக்கு ஷார்தோனே என்று பெரும்பாலும் ஒரே வகைத் திராட்சைதான். உரிமையாளரே உழுகிறார், அவரே ஒயினையும் செய்கிறார். கலப்பு இல்லாத இடத்தில் கலப்பு ஆலோசகருக்கு வேலை இல்லை. அங்கே வெளியாரின் தாக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் மண் வல்லுநர்கள், கவாத்துப் பயிற்றுநர்கள், உயிராற்றல் வேளாண்மை (இரசாயனத்தை விலக்கி, மூலிகைக் கலவைகளையும் வான நாள்காட்டியையும் பின்பற்றும் பயோடைனமிக் முறை) ஆசிரியர்கள் ஆகியோரிடம் பார்க்க வேண்டும். ஷாம்பேனில் பெரிய நிறுவனங்களின் ஒயின் கூடத் தலைவரே கலப்பை முடிவுசெய்யும் பொறுப்பை ஏற்றிருக்கிறார். ஆகவே போர்டோ ஒயின் என்றால் ஆலோசகர் யார் என்ற கேள்வி மிகவும் பயனுள்ளது. பர்கண்டி ஒயின் என்றால் நிலத்தை யார் எப்படிப் பராமரிக்கிறார் என்ற கேள்வியே முந்தியது.

ஆலோசகர்களின் பரம்பரையை அறிந்துகொள்ளுங்கள்

இந்தத் தொழிலின் நவீன வடிவத்தைத் தொடங்கிவைத்தவர் எமில் பெய்னோ. 1912-இல் பிறந்து 2004-இல் மறைந்த இவர் போர்டோ பல்கலைக்கழகத்தில் ஆய்வும் கற்பித்தலும் செய்தவர். இவருக்கு முந்தைய போர்டோவில் மழைக்கும் அழுகலுக்கும் பயந்து, திராட்சை முழுமையாகப் பழுப்பதற்குள் பறித்துவிடுவது பரவலான வழக்கமாக இருந்தது. ஆண்டுகணக்கில் பயன்பட்ட பழைய பீப்பாய்களிலிருந்து கெட்ட வாடை ஏறியது. மாலிக் அமிலத்தைப் பாக்டீரியாக்கள் மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் மாலோலாக்டிக் நொதித்தல் பல கூடங்களில் யாரும் அறியாமலேயே, அடுத்த வசந்தத்தில் வெயில் ஏறும்போது தானாக நடந்தது. சில ஆண்டுகளில் நடக்காமலும் போனது. பெய்னோ இதை விளக்கி, கண்காணித்து, அறுவடை முடிந்தவுடன் நடத்தி முடிக்கக் கற்றுக்கொடுத்தார். பழுத்ததைப் பறியுங்கள், கெட்டதைப் பொறுக்கி நீக்குங்கள், ஒவ்வொரு நிலத்துண்டையும் தனித் தொட்டியில் நொதிக்க வையுங்கள், தரம் குறைந்த தொட்டியை முதன்மை ஒயினில் சேர்க்காதீர்கள் என்பனவே அவருடைய பாடத்தின் சாரம்.

அதன் விளைவை நேரில் காட்டும் எடுத்துக்காட்டு ஷாத்தோ மார்கோ. 1970-களின் நடுப்பகுதியில் தளர்ந்து கிடந்த அந்தத் தோட்டத்தை 1977-இல் ஆந்த்ரே மென்ட்செலோபூலோஸ் வாங்கி, பெய்னோவை அழைத்து வந்தார். தோட்டத்திலும் கூடத்திலும் பணம் செலவிடப்பட்டது. இரண்டாம் நிலை ஒயின் மீண்டும் உயிர்பெற்றது. 1978-ஆம் ஆண்டு ஒயினே அந்தப் பெயருக்குரிய மதிப்பை மீட்டுக் கொடுத்தது. நிலம் அதே நிலம்தான் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். நல்ல நிலம் இருந்தும் கவனிப்பு இல்லாவிட்டால் ஒயின் தாழ்ந்துபோகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தலைமுறையில் மிக அதிகமாகப் பேசப்பட்டவர் மிஷேல் ரோலான். 1947-இல் லிபூர்னில் பிறந்து, பொமரோலில் குடும்பத் தோட்டம் கொண்டிருந்த அவர், 1973-இல் லிபூர்னில் ஓர் ஆய்வகத்தின் வழியாக இத்தொழிலுக்கு வந்தார். பின்னர் பல நாடுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களுக்கு ஆலோசகரானார். விளைச்சலைக் குறைப்பது, கொத்துகளைச் சுற்றியுள்ள இலைகளை நீக்கி வெயில் படச் செய்வது, தோலும் விதையும் முற்றும்வரை பறிக்காமல் காத்திருப்பது, புதிய ஓக் பீப்பாய்க்குள்ளேயே மாலோலாக்டிக் நொதித்தலை நடத்துவது ஆகியவை அவருடைய பெயரோடு இணைந்த முறைகள். 1982-ஆம் ஆண்டு போர்டோவைத் துணிந்து புகழ்ந்து பெயர்பெற்ற அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கரின் 100 புள்ளி அளவுகோல், செறிவும் பழச்சுவையும் மிகுந்த ஒயின்களுக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தது. சந்தையில் விலை அந்த மதிப்பெண்ணைப் பின்பற்றியது. ஒருவரின் தனிப்பட்ட விருப்பம் ஒரு பகுதியின் பொதுப் பாணியாக மாறிய காரணம் அதுதான். இதற்கு ரோலான் ஒருவரை மட்டும் குறைசொல்வது நேர்மையாகாது என்பது என் கருத்து. பச்சை வாடையும் கசப்பும் நிறைந்த பழுக்காத மெர்லோவை விற்றுக்கொண்டிருந்த பல தோட்டங்கள் அவருடைய கண்டிப்பால்தான் திருந்தின.

இவர்களோடு வேறு போக்குகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பெய்னோவின் மாணவரான ழாக் புவாஸ்னோவும் அவருடைய மகன் எரிக்கும் லஃபீத், லத்தூர், மார்கோ, மூத்தோன் ஆகிய நான்கு முதல் தரத் தோட்டங்களுக்கும் ஆலோசகர்களாக இருந்தும் விளம்பரத்திலிருந்து விலகியே நின்றார்கள். செறிவைவிட நேர்த்தியையும் சமநிலையையும் தேடியது அவர்களுடைய பள்ளி. ஸ்தெஃபான் தெரனோன்கூர் கல்லூரியில் படிக்காமல், வடக்கிலிருந்து வந்து தோட்டக் கூலியாகத் தொடங்கி, மண்ணைப் பார்த்தே எல்லாவற்றையும் கற்றவர். மதிரான் பகுதியின் பத்ரிக் துகுர்னோ, டானின் (தோலிலும் விதையிலும் உள்ள துவர்ப்புப் பொருள்) மிகுந்த தனா என்னும் திராட்சை வகையைப் பக்குவப்படுத்துவதற்காக 1990-களின் தொடக்கத்தில், ஒயினுக்குள் மிக நுண்ணிய அளவில் ஆக்சிசனைச் செலுத்தும் முறையை உருவாக்கினார். அது விரைவில் போர்டோவுக்கும் பரவியது. இவர்கள் அனைவருக்கும் எதிர்முனையில் பொஜொலே பகுதியின் ழூல் ஷோவே நிற்கிறார். 1907 முதல் 1989 வரை வாழ்ந்த இந்த வேதியியலாளர், தோட்டத்து ஈஸ்ட்டைக் கொண்டே, ஒயின் கெடாமல் காக்கும் கந்தகத்தைச் சேர்க்காமல் அல்லது மிகக் குறைவாகச் சேர்த்து ஒயின் செய்யலாம் என்று காட்டினார். மோர்கோனின் மார்செல் லாபியேர் போன்றவர்கள் அவரைப் பின்பற்றினார்கள். ஒயினில் தலையிடாமல் இருப்பதும் ஓர் ஆலோசகரின் போதனையாகவே பரவியது என்பதை இங்கே கவனிக்கலாம்.

வெள்ளை ஒயினுக்கு ஒரு பெயர் போதும்: 1949-இல் பிறந்து 2016-இல் மறைந்த தெனி துபூர்தியூ. சோவினியோன் பிளாங்கின் மணம் எந்தச் சேர்மங்களிலிருந்து வருகிறது என்று அவருடைய ஆய்வுக்குழு கண்டறிந்தது. சாற்றை ஆக்சிசனிலிருந்து காப்பதும், தோலோடு சில மணி நேரம் ஊறவிடுவதும், பீப்பாயில் ஈஸ்ட் வண்டலோடு வைத்துக் கலக்கிவிடுவதும் அவருடைய கையொப்பங்கள். அந்த மணச் சேர்மங்களைத் தோட்டத்தில் தெளிக்கும் தாமிரம் குறைத்துவிடும். தழைச்சத்துப் பற்றாக்குறையால் வாடும் கொடியிலும் அவற்றின் மூலப்பொருள் குறைந்துவிடும். ஆகவே வெள்ளை ஒயினின் நறுமணத்தைக்கூட கூடத்தின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

தோட்டத்தின் எண்களைச் சரியாகப் படியுங்கள்

தோட்டங்கள் வெளியிடும் தொழில்நுட்பக் குறிப்பில் முதலில் கண்ணில் படுவது ஹெக்டேருக்கு எத்தனை ஹெக்டோலிட்டர் (ஒன்று 100 லிட்டர்) என்ற விளைச்சல் எண். குறைந்த எண் என்றால் சிறந்த ஒயின் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்த எண்ணைத் தனியாகப் படித்தால் பொருள் கிடைக்காது. நடவு அடர்த்தியோடு சேர்த்தே படிக்க வேண்டும். போர்டோவின் மெடோக்கிலும் பர்கண்டியிலும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 10,000 கொடிகள் இருக்கும் தோட்டங்கள் சாதாரணம். தெற்கே லாங்கெடாக்கில் 4,000 கொடிகள் இருந்தாலே போதும் என்ற நிலை. ஹெக்டேருக்கு 45 ஹெக்டோலிட்டர் என்ற ஒரே விளைச்சலை எடுத்துக்கொண்டால், 10,000 கொடிகள் உள்ள இடத்தில் ஒரு கொடி தருவது 0.45 லிட்டர், 4,000 கொடிகள் உள்ள இடத்தில் ஒரு கொடி தருவது 1.125 லிட்டர். இரண்டும் ஒரே எண்ணாக அச்சிடப்பட்டாலும் கொடியின் மீது விழும் சுமை ஒன்றல்ல. ஆகவே குறிப்பைக் கையில் எடுத்தவுடன் இந்த வகுத்தலைச் செய்துபாருங்கள்.

விளைச்சல் எப்படிக் குறைந்தது என்பது அடுத்த கேள்வி. உறைபனியோ ஆலங்கட்டியோ அடித்துக் குறைந்திருந்தால் அது தரத்துக்கான முயற்சி ஆகாது. கோடையில் காய்க்கொத்துகளை வெட்டிக் கீழே போடும் பச்சை அறுவடை என்னும் முறையைப் பொமரோலின் பெட்ரூஸ் தோட்டத்தில் கிறிஸ்தியான் முவெக்ஸ் 1973-இலேயே செய்தார். அக்காலத்தில் அக்கம்பக்கத்தார் அதை வீணடிப்பாகவே பார்த்தார்கள். 1990-களில் அது ஆலோசகர்கள் எல்லோரும் சொல்லும் மருந்தாக மாறியது. ஆனால் காய் நிறம் மாறுவதற்கு வெகு முன்பே வெட்டினால் எஞ்சிய காய்கள் பருத்து, இழந்ததை ஈடுகட்டிவிடும். வீரியம் குறைந்த, தானாகவே அளவாகக் காய்க்கும் பழைய கொடிக்கு அந்த வெட்டே தேவைப்படாது. இன்று கவனமான தோட்டங்கள் குளிர்காலத்தில் குறுகலாகக் கவாத்து செய்து, வசந்தத்தில் தேவையற்ற தளிரை விரலால் கிள்ளி, நிலைமையைக் கோடைக்கு முன்பே சீர்செய்துவிடுகின்றன. பச்சை அறுவடையைப் பெருமையாக எழுதியிருக்கும் குறிப்பைவிட, தளிர் கிள்ளுவதை விவரமாக எழுதியிருக்கும் குறிப்பை நான் அதிகம் நம்புவேன்.

இலை நீக்கம் பற்றிய வரி இருந்தால் அதை விடாதீர்கள். கபர்னே சோவினியோன் போன்ற வகைகளில் குடைமிளகாயின் பச்சை வாடையைத் தரும் பைரசின் என்னும் சேர்மம், இளங்காயின் மீது வெளிச்சம் படப்படக் குறைகிறது. கொத்தைச் சுற்றிக் காற்று ஓடுவதால் அழுகலும் குறைகிறது. இதனால் ஒரு காலத்தில் வரிசையின் இரண்டு பக்கமும் இலைகளை உரித்தார்கள். 2003-ஆம் ஆண்டின் கொடும் வெப்ப அலையில் அப்படி உரிக்கப்பட்ட கொத்துகள் வெந்து சுருங்கின. அதன் பிறகு காலை வெயில் படும் பக்கத்தில் மட்டும் இலையை எடுத்து, மாலை வெயில் அடிக்கும் பக்கத்தை மூடிவிடுவது பரவலானது. உலர்திராட்சை, அத்திப்பழம் போன்ற சுவை மேலோங்கிய 2003 போர்டோ சிலவற்றில் அந்த ஆண்டின் வெயிலும் அந்தத் தலைமுறையின் அறிவுரையும் கலந்தே இருக்கின்றன.

கவாத்தைப் பற்றி ஒயின் எழுத்துகளில் மிகக் குறைவாகவே பேசப்படுகிறது, அது வருத்தத்துக்குரியது. கொடியின் தண்டுக்குள் பூஞ்சைகள் புகுந்து மரத்தை அரிக்கும் எஸ்கா நோய்க்குப் பயன்பட்ட சோடியம் ஆர்சனைட்டு அதன் நச்சுத்தன்மையால் 2001-இல் பிரான்சில் தடைசெய்யப்பட்டது. மாற்று மருந்து இல்லாத நிலையில், பெரிய வெட்டுக்காயங்களைத் தவிர்த்து, சாற்றின் ஓட்டம் தடைபடாதபடி கவாத்து செய்யும் பழைய அறிவு மீண்டும் மதிப்புப் பெற்றது. இத்தாலியைச் சேர்ந்த மார்கோ சிமோனித், பியெர்பாவ்லோ சிர்க் ஆகியோர் இதையே தனி ஆலோசனைத் தொழிலாக்கி, போர்டோவின் பெரிய தோட்டங்களில் கவாத்துத் தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு கொடி 20 வயதில் சாகாமல் 60 வயதுவரை வாழ்ந்தால் அதன் வேர் எவ்வளவு ஆழம் போகும், வறண்ட கோடையை எப்படித் தாங்கும் என்று எண்ணிப் பார்த்தால், பீப்பாயைத் தேர்ந்தெடுக்கும் ஆலோசகரைவிட இவர்களுடைய தாக்கம் நீண்ட காலம் நிற்கும் என்பது புரியும்.

மண்ணின் பக்கம் க்லோத் பூர்கிஞோன், லிதியா பூர்கிஞோன் தம்பதியரின் பெயரை அறிந்திருக்க வேண்டும். பிரான்சின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனத்திலிருந்து வெளியேறி, 1990 வாக்கில் பர்கண்டியில் சொந்தமாக மண் ஆய்வகம் அமைத்த இவர்கள், களைக்கொல்லியாலும் உரத்தாலும் மண்ணின் நுண்ணுயிர் வளம் அழிந்துகொண்டிருப்பதைத் தோட்டக்காரர்களின் முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். 1960-களிலும் 1970-களிலும் பர்கண்டியில் பொட்டாஷ் உரம் அளவுக்கு மீறிப் போடப்பட்டது. பொட்டாசியம் மிகுந்த திராட்சைச் சாற்றில் டார்டாரிக் அமிலம் உப்பாகப் படிந்து வெளியேறுவதால் புளிப்பு தளர்ந்தது. அக்காலத்து ஒயின்கள் பல உடல்வலிமை இல்லாமல் விரைவில் முதுமையடைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். களைக்கொல்லியை நிறுத்தி உழத் தொடங்கினால் மேலோட்டமாகப் படர்ந்த வேர்கள் அறுபட்டு, புதிய வேர்கள் கீழ்நோக்கி இறங்குகின்றன. முதல் சில ஆண்டுகளில் விளைச்சல் குறையும். அதைத் தாங்கும் பொறுமை உரிமையாளருக்கு இருக்க வேண்டும்.

சான்றிதழ்களை எவ்வளவு நம்பலாம்

இயற்கை வேளாண்மைச் சான்று, உயிராற்றல் வேளாண்மைக்கான தெமேத்தர் அல்லது பியோதிவான் முத்திரை, சுற்றுச்சூழல் பராமரிப்புக்கான அரசின் எச்விஇ முத்திரை ஆகியவற்றைப் புட்டியின் பின்முகப்பில் காணலாம். இவற்றுள் எச்விஇ மிகவும் தளர்வானது. செயற்கைப் பூச்சிக்கொல்லியை அது முற்றிலும் விலக்குவதில்லை. இயற்கை வேளாண்மையில் செயற்கை மருந்து கிடையாது, ஆனால் தாமிரம் உண்டு. 1885-இல் தாவரவியலாளர் மிலார்தே உலகுக்கு அறிவித்த, பூஞ்சை நோய்க்கு எதிரான போர்டோ கலவையின் வழிவந்த அந்தத் தாமிரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் இப்போது 7 ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ என்ற வரம்பு வைத்திருக்கிறது.

முத்திரையை அந்தப் பகுதியின் தட்பவெப்பத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். மிஸ்ட்ரால் காற்று ஓயாமல் உலர்த்தும் தெற்கு ரோனில் இயற்கை வேளாண்மை ஓரளவு எளிது. அட்லாண்டிக் ஈரம் வீசும் போர்டோவில் அடிச்சாம்பல் நோய் ஆண்டுதோறும் வாசலில் நிற்கும். பொயாக்கில் உள்ள ஷாத்தோ போந்தே-கனே 2004-இல் உயிராற்றல் முறையைத் தொடங்கி, 2007-இல் நோய் தாக்கியபோது பின்வாங்கி இரசாயன மருந்தை அடித்தது. அதனால் சான்று பெறும் வரிசையில் பின்னுக்குப் போய், மீண்டும் தொடங்கி, 2010-இல் சான்றைப் பெற்றது. 2018-இல் அதே நோயால் விளைச்சலின் பெரும்பகுதி அழிந்தபோது இரசாயனத்துக்குத் திரும்பவில்லை. இந்தத் தோட்டத்துக்கு ஆலோசகராக நெடுங்காலம் இருந்தவர் மிஷேல் ரோலான். தோட்டத்தை நடத்தியவர் அதன் மேலாளர் ழான்-மிஷேல் கோம். ஆலோசகரின் பெயரை மட்டும் பார்த்து ஒயினின் பாணியை ஊகிப்பவர் இங்கே தவறிவிடுவார். பர்கண்டியில் லாலு பிஸ்-லெருவா 1988 முதலும், லுவாரில் நிக்கோலா ழோலி 1980-களின் தொடக்கம் முதலும் இதே வழியில் சென்றவர்கள்.

பறிக்கும் நாள், சாராய அளவு, பீப்பாய்

ஓர் ஆலோசகரின் கையை ஒரே இடத்தில் காண வேண்டுமென்றால் பறிக்கும் நாளைப் பாருங்கள். அதே ஊரில் அதே ஆண்டில் அண்டைத் தோட்டங்கள் பறித்து முடித்து பத்து நாள் கழித்துத் தொடங்கிய தோட்டம், முதிர்ச்சியை வேண்டுமென்றே தேடியிருக்கிறது. அதன் அடையாளங்கள் சாராயம் 14.5 சதவீதத்துக்கு மேல் ஏறுவது, புளிப்பு குறையும்போது உயரும் பிஎச் அளவு 3.8-ஐ நெருங்குவது, புதிய ஓக்கின் பங்கு 100 சதவீதத்தைத் தொடுவது ஆகியன. இம்மூன்றும் சேர்ந்து வந்தால் அது பெரும்பாலும் மனித முடிவு. சாராயம் மட்டும் உயர்ந்திருந்தால் அவசரப்படக் கூடாது. வெயில் மிகுந்த ஆண்டாக இருக்கலாம், மெர்லோவின் பங்கு கூடுதலாக இருக்கலாம்.

வெப்பமாதல் இந்தக் கணக்கை மேலும் குழப்புகிறது. 1354 முதல் பதிவாகியிருக்கும், பர்கண்டியின் போன் (Beaune) நகரின் அறுவடை நாள்களை ஆராய்ந்தவர்கள், 1988-க்குப் பிறகு அறுவடை முந்தைய நூற்றாண்டுகளின் சராசரியைவிட ஏறத்தாழ 13 நாள் முன்னதாக நடக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். சர்க்கரை போதாமல் 1801-இல் வேதியியலாளர் ஷப்தால் பரிந்துரைத்தபடி சாற்றில் சர்க்கரை சேர்த்துவந்த போர்டோவில், இன்றைய சிக்கல் சர்க்கரை மிகுதி. 2021-இல் தூரிகா நசியோனால், மார்செலான் உள்ளிட்ட 6 புதிய வகைகள், பரப்பில் 5 சதவீதமும் கலப்பில் 10 சதவீதமும் மிகாமல், போர்டோவில் ஏற்கப்பட்டதும் இதனால்தான். ஒரு காலத்தில் காத்திருங்கள் என்று சொன்ன தொழில் இன்று முந்திப் பறியுங்கள் என்கிறது; இலையை உரியுங்கள் என்றது இப்போது இலையை விடுங்கள் என்கிறது. இதை நிலையற்ற தன்மை என்று நான் கருதவில்லை. வானம் மாறும்போது அறிவுரையை மாற்றாத ஆலோசகரைத்தான் அஞ்ச வேண்டும்.

சுவைத்துப் பார்க்கும் முறை

கற்றதைச் சோதிக்க இரண்டு வகை ஒப்பீடுகள் போதும். முதலாவது, ஒரே ஆண்டில் ஒரே ஊரின் வெவ்வேறு தோட்டங்களை அருகருகே வைப்பது. ஆண்டின் வெயிலும் மழையும் பொதுவாக இருப்பதால் மண்ணின் வேறுபாடும் மனித முடிவின் வேறுபாடும் மேலே வரும். இரண்டாவது, ஒரே தோட்டத்தில் ஆலோசகரோ உரிமையாளரோ மாறிய காலத்துக்கு முன்னும் பின்னும் உள்ள புட்டிகளை வைப்பது. சேன்-எமிலியோனின் ஷாத்தோ துரோப்லோங் மோந்தோ இதற்கு மிகப் பொருத்தமானது. 2017-இல் அது கை மாறியபின், முந்திப் பறித்தலும் புதிய ஓக்கைக் குறைத்தலும் வந்தன. முந்தைய புட்டியின் அடர்ந்த, இனிமை கலந்த கனத்தையும், பிந்தையதன் சுண்ணாம்புத் தன்மையையும் அடுத்தடுத்துச் சுவைத்தால், ஒரே குன்றின் மேல் இரண்டு எண்ணங்கள் எப்படி வேலை செய்தன என்று நாவே சொல்லிவிடும். இரு புட்டிகளின் ஆண்டுகளும் வெப்பத்தில் நெருங்கியவையாக இருக்கும்படி பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இல்லையெனில் ஒப்பீடு பயனற்றதாகிவிடும்.

இந்த உயர்ந்த தோட்டங்களின் விலை பெரும்பாலோருக்கு எட்டாது. அதற்கு ஒரு நல்ல மாற்று வழி இருக்கிறது. ஆலோசகர்கள் தங்களுக்கென்று வாங்கிய தோட்டங்களின் ஒயின்களைத் தேடுங்கள். அங்கே அவர்களைக் கட்டுப்படுத்த வேறொரு உரிமையாளர் இல்லை. நிலமும் புகழ்பெற்ற ஊர்களில் இல்லாததால் விலையும் தாங்கும். ரோலான் 1986-இல் ஃபிரோன்சாக்கில் வாங்கிய ஷாத்தோ ஃபோன்தெனில், தெரனோன்கூர் 1999-இல் காஸ்தியோனில் தொடங்கிய டொமேன் து லா, துபூர்தியூ 1982-இல் கிராவ் பகுதியில் உருவாக்கிய க்லோ ஃப்ளோரிதேன் ஆகிய மூன்றும் அவரவர் எண்ணத்தின் மாதிரிப் படிவங்கள். ஃபோன்தெனிலையும் டொமேன் து லாவையும் ஒரே ஆண்டில் எடுத்தால் இரண்டிலும் மெர்லோவே மேலோங்கியிருக்கும். ஆகவே எஞ்சும் வேறுபாட்டை மண்ணுக்கும் மனிதருக்கும் பங்கிட்டுப் பழகலாம்.

சுவைக்கும்போது மூன்று இடங்களைக் கவனியுங்கள். டானின் ஈற்றில் உலர்ந்து சுரண்டினால் அது பீப்பாயிலிருந்தோ தோலிலிருந்தும் விதையிலிருந்தும் அளவுக்கு மீறிச் சாறிறக்கியதிலிருந்தோ வந்திருக்கலாம்; பழுத்த தோலின் டானின் மென்துகளாக நாவில் பரவும். புளிப்பு நடு நாவில் தொடங்கி இறுதிவரை ஒயினை ஏந்திச் சென்றால் கொடி நலமாக இருந்திருக்கிறது. பின்னர் சேர்க்கப்பட்ட அமிலம் தனியாக முனைப்புக் காட்டும். வனிலா, வறுத்த காப்பி, தேங்காய் மணம் புட்டி திறந்து மறுநாளும் பழத்தை மூடியிருந்தால் ஓக்கின் அளவு அந்தப் பழத்துக்கு மிஞ்சியது. ஒரே நாளில் முடிவுகட்டாமல் பாதியை அடுத்த நாளுக்கு வைப்பது இதற்காகத்தான்.

தோட்டத்துக்கே செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், பளபளக்கும் கூடத்தைப் பார்ப்பதற்கு முன் வரிசைகளுக்கு நடுவே நடக்க அனுமதி கேளுங்கள். கொடியின் அடியில் புல் மட்டும் பழுப்பாகக் கருகி ஒரு கோடாகத் தெரிந்தால் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள். ஜூலையில் வரிசையின் இரு பக்கமும் சென்று எந்தப் பக்கத்து இலை எடுக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தரையில் வெட்டிய கொத்துகள் குவிந்து கிடந்தால் அந்தச் சுமையை ஏன் வசந்தத்திலேயே குறைக்கவில்லை என்று கேட்கலாம். குளிர்காலமானால் தண்டில் பெரிய வெட்டுக்காயங்கள் இருக்கின்றனவா, இடையிடையே செத்த கொடிகளுக்குப் பதிலாக இளங்கன்றுகள் நடப்பட்டிருக்கின்றனவா என்று கவனியுங்கள். கடைசியாக, ஆலோசகர் யார் என்று கேட்பதைவிட, அவர் ஆண்டுக்கு எத்தனை முறை வருகிறார், பறிக்கும் நாளை இறுதியாக முடிவுசெய்பவர் யார், கடைசியாக அவருடைய யோசனையை ஏற்காமல் விட்டது எந்த விஷயத்தில் என்று கேளுங்கள். இந்த மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் விடை சொல்லும் தோட்டத்தில், ஆலோசகர் இருந்தாலும் ஒயினின் உரிமை தோட்டத்தாரிடமே இருக்கிறது.